வலப்பக்க ஸ்டியரிங்

விற்க வந்த காரிலேயே
இருவரும் வந்திறங்கினார்கள்.
வேறு கார் அவர்களுக்கு இல்லை.
உலான்பாத்தர், தா குரே சந்தை,
மைனஸ் இருபத்தாறு.
பேசினால் சொல்லுக்கு முன்னால் புகை வந்தது.

வெள்ளை பிரியஸ். ஜப்பானில் எட்டு வருஷம்,
இங்கே நாலு.
தம்தின் காந்தத்தைத் துணியில் சுற்றிக்
கதவு கதவாக ஒட்டிப் பார்த்தான்.
இடது பின்கதவில் ஒட்டவில்லை.
"பூச்சு" என்றான்.
"பனியில் சறுக்கினது" என்றார் லுவ்சான்.
"நீ சறுக்கினது" என்றாள் செந்த்மா.

மீட்டர் என்ன வேண்டுமானாலும் சொல்லும்.
நான் குனிந்து பிரேக் மிதியைத் தடவினேன்:
ரப்பர் வழவழவென்று தேய்ந்து,
குதிகால் ஊன்றிய இடத்தில்
விரிப்பில் ஒரு ஓட்டை.

நான் பள்ளிக்கூடக் கணக்காளர்.
மேசைக்கும் நாற்காலிக்கும்
வருஷம் பத்து சதவீதம் தேய்மானம் எழுதுகிறவள்.
ஏழாம் வகுப்பின் உலக உருண்டை
என் புத்தகத்தில் பூஜ்யமாகி மூன்று வருஷம்,
இன்னும் சுற்றுகிறது.
இந்த வண்டியோ
அவர்கள் வாங்கியபோது ஒரு கோடியே முப்பத்தைந்து லட்சம் துக்ரிக்,
இன்றைக்கு ஒரு கோடியே நாற்பது.
"நின்றாலும் அந்த விலை, படுத்தாலும் அந்த விலை,
யோசிக்காதே அக்கா" என்றான் தம்தின்.

பேரத்தில் எதிரே ஒருவர் இருந்தால்
எனக்குக் கணக்கு வரும்.
இங்கே இரண்டு பேர்,
அதில் ஒருத்தி என் பக்கம்.
"கொடுத்துவிடலாம்" என்றாள் நான் கேட்கும் முன்பே.
அவர் இறங்கவில்லை.
ஒவ்வொரு லட்சத்துக்கும்
பக்கத்து லாரியின் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒரு கோடியே முப்பத்தெட்டில் முடிந்தது.
"பாதி என் கணக்குக்கு,
பாதி அவருக்கு."
கையுறையைக் கழற்றி
இரண்டு தடவை அனுப்பினேன்,
விரல் மரத்துப்போக.
இரண்டு பைகளில் இரண்டு கைபேசி
ஒன்றன்பின் ஒன்றாக முனகின.

குதிரை விற்கிறவன்
பிடரியில் நாலு மயிர் பிடுங்கி வைத்துக்கொள்வான்,
பாக்கியம் கூடவே போய்விடக் கூடாதென்று.
லுவ்சான் பானெட்டைத் தூக்கி
எஞ்சினுக்குப் போர்த்தியிருந்த கம்பளத்தில்
ஒரு சிட்டிகை பிய்த்தார்.
செந்த்மா பார்த்துவிட்டாள்.
"எனக்கும்" என்று உள்ளங்கையை நீட்டினாள்.

அப்புறம்தான் உறைத்தது,
இவர்கள் எப்படித் திரும்பிப் போவார்கள்?
"ஏறுங்கள்" என்றேன்.
முன் இருக்கைக்கு யாரும் வரவில்லை.
தம்தினுக்கு அடுத்த கிராக்கி கிடைத்துவிட்டது.

சாவி போட்டதும்
ஜப்பானியப் பெண்குரல் ஏதோ சொன்னது,
மிகப் பணிவாக.
"சரி, சரி" என்றார்கள் பின்னாலிருந்து
இருவரும் ஒரே நேரத்தில்.
"என்ன சொல்கிறாள்?"
"தெரியாது.
நாலு வருஷமாகச் சொல்கிறாள்."

வலப்பக்கம் ஓடும் சாலையில்
வலப்பக்க ஸ்டியரிங்.
முன்னால் ஒரு பேருந்து, கரும்புகை விட்டபடி.
முந்த வேண்டும்; எதிரே வருவது
என் இருக்கையிலிருந்து தெரியாது.
மூக்கை நீட்டினேன், இழுத்துக்கொண்டேன்.
மறுபடியும் நீட்டினேன்.
பின்னால் லுவ்சானின் பூட்ஸ்
இல்லாத பிரேக்கை மிதித்தது.
இடப்பக்கம் கண்ணாடியில் பனியைச் சுரண்டிக்கொண்டு
செந்த்மா,
"வருது... இன்னொண்ணு வருது... பொறு...
இப்போ போ" என்றாள்.
போனேன்.
யாரிடம் சொன்னாள் என்று
திரும்பிப் பார்க்கவில்லை.

சான்சரில் அவள் இறங்கினாள்.
யார்மக்கில் அவர்.
கதவை எவ்வளவு பலமாகச் சாத்த வேண்டுமென்று
இருவருக்கும் தெரிந்திருந்தது.

இருட்டிவிட்டது.
பக்கத்து இருக்கையில் என் கைப்பை மட்டும்.
வேறொரு பேருந்தின் பின்னாலேயே
வீடுவரை வந்தேன்.